அரபியில் நான், நீ, அவன், அவள்: ஐந்து சொல்லும் அவற்றின் வால்களும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அரபு படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். அன (நான்), அன்த (நீ, ஆண்), அன்தி (நீ, பெண்), ஹுவ (அவன்), ஹிய (அவள்) என்ற ஐந்தையும் உட்கார்ந்த இடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டீர்கள். ஆனால் ‘உன் பெயர் என்ன’ என்று கேட்கப் போய் ‘மா இஸ்மு அன்த’ என்றால் உஸ்தாத் (ஆசிரியர்) திருத்துகிறார், ‘அன கதப்து’ (நான் எழுதினேன்) என்றால் இங்கே ‘அன’ எதற்கு என்கிறார். அப்படியானால் இந்த ஐந்து சொல்லுக்கும் வேலை எங்கே, கத்தாருக்கு வேலைக்குப் போனால் அங்கேயும் இதே வடிவம்தானா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் படித்த அட்டவணை அநேகமாக ஆங்கிலம் வழியாக வந்தது. ஆங்கிலத்தில் வினைச்சொல் கிட்டத்தட்ட மொட்டையாக நிற்கும், யார் செய்தது என்று தெரிய ‘ஐ’, ‘யூ’, ‘ஹீ’ கட்டாயம் வேண்டும், அதனால் ஆங்கிலத்தில் எழுதிய அரபுப் பாடநூல்கள் இந்த ஐந்தையும் முதல் பாடத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிடும். தமிழருக்கு அது தேவையில்லாத சுற்றுவழி. ‘வந்தேன்’ என்றாலே நான், ‘வந்தாய்’ என்றாலே நீ, ‘வந்தாள்’ என்றாலே அவள். ‘நான் வந்தேன்’ என்று தனியாகச் சொல்வது அழுத்தம் வேண்டும்போதுதான். அரபியும் இதே ரகம். ஆகவே தமிழ் வழியாகவே உள்ளே போங்கள், பாதி வேலை குறையும். மீதிப் பாதியில் தமிழ் கைகொடுக்காது: அரபியில் ‘நீ’க்கு ஆண்பால் பெண்பால் உண்டு, அப்புறம் ‘என்’, ‘உன்’, ‘அவனை’ எல்லாம் தனிச்சொல்லாக முன்னால் வராமல் பின்னால் வாலாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் நேரத்தை இந்த இரண்டிலும் போடுங்கள்.

அதற்கு முன் உச்சரிப்பு. ‘அன்த’ என்று நான் எழுதுவதை ‘அந்த வீடு’ என்பதில் வரும் ‘அந்த’ மாதிரி வாசிக்காதீர்கள். ‘பத்து’ என்பதில் வருகிறதே, அந்த வல்லின ஒலி. ‘இந்தீ’ (என்னிடம்) என்று ஒரு சொல் பின்னால் வரும், அதில்தான் ‘அந்த வீடு’ ஒலி. அதேபோல வாலாக வரும் ‘க’, ‘கி’ இரண்டும் ‘பக்கம்’, ‘பாக்கி’ என்பதில் கேட்பது போல, ‘பகல்’ போல அல்ல. தமிழ் எழுத்தில் இந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்து ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) அரபுத்தமிழில், அதாவது தமிழை அரபு எழுத்தில், எழுதும்போது தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளி கூட்டிப் புதிய எழுத்தே உண்டாக்கிக்கொண்டார்கள். எதிர்த்திசையில் நமக்கு அப்படி ஒன்றும் நிலைக்கவில்லை. அதனால் காதால் கேட்டே படியுங்கள். ‘அன’ எழுத்தில் நெடிலாக முடியும், ஆனால் அடுத்த சொல்லோடு சேர்த்துச் சொல்லும்போது குறிலாகத்தான் ஒலிக்கும். தஜ்வீத் (குர்ஆன் ஓதும் உச்சரிப்பு முறை) படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, ஐந்து சொல்லுக்கும் உண்மையான வேலை எங்கே? வினையே இல்லாத வாக்கியத்தில். ‘நான் மாணவன்’ என்பதில் தமிழுக்கு வினை வேண்டாம், அரபிக்கும் வேண்டாம்: அன தாலிப். பெண் சொன்னால் அன தாலிபா. ஹுவ முஹந்திஸ் (அவர் பொறியாளர்), ஹிய தபீபா (அவர் மருத்துவர்). ஆங்கிலத்தில் யோசித்துப் பழகியவர்கள் நடுவில் ஒரு ‘ஆம்’ (am), ‘ஈஸ்’ (is) தேடித் தவிப்பார்கள், நமக்கு அந்தத் தொல்லையே கிடையாது. கவனித்தீர்களா, ‘அன’வுக்குப் பால் வேறுபாடு இல்லை, ஆனால் பின்னால் வரும் சொல்லில் வந்துவிடுகிறது. ‘களைப்பாக இருக்கிறேன்’ என்று ஆண் சொன்னால் அன தஅபான், பெண் சொன்னால் அன தஅபானா. தன் ஊரைச் சொல்லும்போதும் அப்படியே, அன ஹிந்தீ, அன ஹிந்திய்யா. ‘நான்’ என்பது பொதுவாயிற்றே என்று பெண்கள் ‘அன ஹிந்தீ’ என்று சொல்லிவிடுவது நிறைய நடக்கிறது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ‘ஹாதல் முதீர்’ என்றால் ‘இந்த மேலாளர்’ என்று பாதியில் நிற்பது போலவும் எடுத்துக்கொள்ளலாம், கேட்பவர் மீதியை எதிர்பார்ப்பார். நடுவில் ‘ஹுவ’ போட்டு ஹாதா ஹுவல் முதீர் என்றால் ‘இவர்தான் மேலாளர்’ என்று வாக்கியம் முழுமையாகிவிடும். நம்முடைய ‘தான்’ செய்கிற வேலையை இங்கே ‘ஹுவ’ செய்கிறது. இலக்கணத்தில் இதை ளமீருல் ஃபஸ்ல் என்பார்கள், பிரித்துக்காட்டும் ளமீர். (ளமீர் என்பதுதான் மூவிடப்பெயருக்கு அரபியில் பெயர்.)

இனி வினை. கதப்து எழுதினேன், கதப்த எழுதினாய் (ஆண்), கதப்தி எழுதினாய் (பெண்), கதபத் எழுதினாள், கதப எழுதினான். அன்த, அன்தி என்பவற்றின் கடைசி த, தி இரண்டும் அப்படியே வினையின் வாலில் உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘கதப’வில் மட்டும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அதற்குள் ஒரு ‘ஹுவ’ மறைந்திருக்கிறது என்று நஹ்வு (அரபு இலக்கணம்) படித்தவர்கள் சொல்வார்கள். மறைந்த ளமீர், முஸ்ததிர். இப்படி மொட்டையாக நிற்பதாலேயே மதரஸாக்களில் வாய்ப்பாடு ‘நான்’ என்பதில் தொடங்காமல் ‘அவன்’ என்பதில் தொடங்குகிறது: ஃபஅல (செய்தான்), ஃபஅலா, ஃபஅலூ என்று பதினான்கு வடிவங்கள். படர்க்கை முதலில், முன்னிலை அடுத்து, தன்மை கடைசியில். பதினான்கையும் ராகம் போட்டு ஒப்பித்துவிட்டு எது ஒருமை என்று தெரியாமல் விழிப்பவர்களுக்கு ஒரு சுலபம் சொல்கிறேன்: 1, 4, 7, 10, 13. ஃபஅல, ஃபஅலத், ஃபஅல்த, ஃபஅல்தி, ஃபஅல்து. இந்த ஐந்தும்தான் உங்கள் ஐந்து சொல்லும். நடுவில் இருப்பவை இருமையும் பன்மையும்.

நிகழ்காலத்தில் அடையாளம் முன்னால் வரும்: அக்துபு எழுதுகிறேன், தக்துபு எழுதுகிறாய், யக்துபு எழுதுகிறான். பெண்ணைப் பார்த்துச் சொன்னால் முன்னும் பின்னும் சேர்ந்து தக்துபீன. ஒரே ஒரு இடத்தில்தான் இடிக்கும், ‘நீ எழுதுகிறாய்’ (ஆண்) என்பதும் ‘அவள் எழுதுகிறாள்’ என்பதும் இரண்டுமே தக்துபு. பேச்சின் போக்கில் புரியவில்லை என்றால் இங்கே அன்த, ஹிய என்று சேர்த்துச் சொல்லலாம், எந்த உஸ்தாதும் திருத்த மாட்டார். ‘அன கதப்து’ என்பதும் தவறு இல்லை. ‘நான்தான் எழுதினேன், அவன் இல்லை’ என்று சொல்லும் இடத்தில் அது சரியாகவே இருக்கும். சும்மா போகிற போக்கில் ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ‘அன’ போட்டால்தான் காதில் உறுத்தும்.

இப்போது வால்கள். நீங்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். கிதாப் (புத்தகம்) என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கிதாபீ என் புத்தகம், கிதாபுக உன் புத்தகம் (ஆண்), கிதாபுகி உன் புத்தகம் (பெண்), கிதாபுஹு அவன் புத்தகம், கிதாபுஹா அவள் புத்தகம். ஆகவே உன் பெயர் என்ன என்பது மா இஸ்முக, பெண்ணிடம் மா இஸ்முகி. ‘இஸ்மு அன்த’ என்பது தமிழில் ‘நீ பெயர் என்ன’ என்று கேட்பது மாதிரி. தமிழில் நீ என்பது ‘உன்’ ஆக மாறி முன்னால் வருகிறது, அரபியில் ‘க’ ஆக மாறிப் பின்னால் ஒட்டுகிறது, அவ்வளவுதான்.

வால் ஒட்டினால், ஆங்கில ‘தி’ (the) போலப் பெயருக்கு முன்னால் வரும் ‘அல்’ போய்விடும். அல்கிதாப் என்பதோடு ‘ஈ’ சேர்த்து ‘அல்கிதாபீ’ என்று எழுதினால் தவறு. ‘ஆ’வில் முடிகிற பெண்பால் சொற்களில் மறைந்திருக்கும் ‘த்’ வெளியே வரும்: மத்ரஸா, மத்ரஸதீ, ஸய்யாரா (கார்), ஸய்யாரதுக.

இதே வால்கள் வேற்றுமை உருபு மாதிரியான சிறு சொற்களிலும் ஒட்டும். லீ எனக்கு, லக உனக்கு, லகி பெண்ணே உனக்கு, லஹு அவனுக்கு, லஹா அவளுக்கு. இந்தீ என்னிடம். ‘என்னிடம் கார் இருக்கிறது’ என்பதற்கு அரபியில் இந்தீ ஸய்யாரா, சொல்லுக்குச் சொல் தமிழ் அமைப்பு. ‘வைத்திருக்கிறேன்’ என்று ஒரு வினையைத் தேடவே வேண்டாம்.

வினையில் ஒட்டினால் ‘என்னை’, ‘உன்னை’ என்று பொருள். ரஅய்து என்றால் பார்த்தேன். ரஅய்துக உன்னைப் பார்த்தேன், ரஅய்துஹா அவளைப் பார்த்தேன். ஒரே சொல்லுக்குள் பார்த்தவரும் இருக்கிறார், பார்க்கப்பட்டவரும் இருக்கிறார். ‘என்னை’ மட்டும் வினையில் ‘ஈ’ என்று வராமல் ‘னீ’ என்று வரும்: ஸஅல கேட்டான், ஸஅலனீ என்னைக் கேட்டான். வினையின் கடைசி உயிர் ‘ஈ’யோடு மோதிக் கெட்டுவிடாமல் இருக்க நடுவில் ஒரு நூன் (‘ன்’ எழுத்து) வந்து நிற்கிறது, அதற்கு நூனுல் விகாயா, காப்பு நூன் என்று பெயர்.

வால்களைப் பழக அட்டவணையைவிட நல்ல பாடம் நம் ஊரிலேயே காதில் விழுந்துகொண்டிருக்கிறது, நீங்கள் முஸ்லிமாக இல்லாவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். ஜஸாகல்லாஹு ஹைரன் என்று நன்றி சொல்கிறார்களே, அதில் உள்ள ‘க’ இந்த ‘க’தான், ‘உனக்கு’ அல்லாஹ் நற்கூலி தரட்டும். பெண்ணிடம் சொல்லும்போது ஜஸாகில்லாஹு, பலருக்கும் சொல்லும்போது ஜஸாகுமுல்லாஹு. ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாரிடமும் ‘ஜஸாகல்லாஹ்’ என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். இனி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், அதுவே ஒரு பயிற்சி. தும்மியவருக்குச் சொல்லும் யர்ஹமுகல்லாஹ்வும் பெண்ணிடம் யர்ஹமுகில்லாஹ் ஆகும். நபித்தோழர் பெயருக்குப் பின் ரழியல்லாஹு அன்ஹு, பெண் தோழியர் என்றால் அன்ஹா. நபிமார் பெயருக்குப் பின் அலைஹிஸ்ஸலாம், மர்யமுக்கு அலைஹஸ்ஸலாம். இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும்: அன்ஹு என்கிறோம், ஆனால் அலைஹு என்று சொல்லாமல் ஏன் அலைஹி? ‘ஹு’வுக்கு முன்னால் இகர ஒலியோ ய் ஒலியோ வந்தால் அது ‘ஹி’ ஆகிவிடும். ஃபீஹி, பிஹி, இலைஹி எல்லாம் இப்படித்தான். ‘ஹா’ மாறாது. விதியை மறந்தாலும் அலைஹிஸ்ஸலாம் மறக்காது.

சில நேரம் வாலாக ஒட்டாமல் ‘உன்னையே’ என்று முன்னால் போட்டு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ‘இய்யா’ என்று ஒரு தாங்கி உண்டு. குர்ஆனின் முதல் அத்தியாயமான சூரத்துல் ஃபாத்திஹாவில் வரும் இய்யாக நஅபுது, ‘உன்னையே வணங்குகிறோம்’. வெறும் ‘உன்னை வணங்குகிறோம்’ என்றால் நஅபுதுக. முன்னால் கொண்டுவந்ததால்தான் அந்த ஏகாரம் கிடைக்கிறது. பழகுபேச்சில் இது அதிகம் தேவைப்படாது, ஆனால் ஓதும்போது தினமும் வருவதால் சொல்லிவைத்தேன்.

அடுத்தது, ‘அது’. அரபியில் ‘அது’ கிடையாது. புத்தகம் ஹுவ, கார் ஹிய, நிலா ஹுவ, சூரியன் ஹிய. கடைசியில் ‘ஆ’ ஒலி இருந்தால் பெரும்பாலும் பெண்பால், ஆனால் ஹம்ஸா, உஸாமா, கலீஃபா என்று ஆண்களுக்குப் பெயர் வைத்தால் ஆள் யாரோ அதுதான் கணக்கு, ஹுவ. கை, கண் போல இரட்டையாக உள்ள உறுப்புகள் பெரும்பாலும் பெண்பால். வேடிக்கை என்னவென்றால், ஒருமையில் இல்லாத அஃறிணை பன்மையில் எட்டிப் பார்க்கிறது. மனிதர் அல்லாதவற்றின் பன்மைக்கு ‘அவர்கள்’ என்று வராது, ஒருமைப் பெண்பால் ‘ஹிய’தான் வரும். கிதாப் ஒன்று இருந்தால் ஹுவ, குதுப் (புத்தகங்கள்) என்றால் ஹிய. அரபு இலக்கணம் இதை அறிவுடையது, அறிவற்றது என்று பிரிக்கிறது. உயர்திணை, அஃறிணை படித்த நமக்கு இது புதிதே அல்ல, பேச்சிலும் ‘மாடுங்க மேயுது’ என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினைதானே போடுகிறோம்.

ஹுவ, ஹிய என்ற இரண்டு சொல்லுக்காக ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் பாக்தாதில், கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் அமைச்சராக இருந்த யஹ்யா அல் பர்மகீயின் அவையில், இராக்கின் இரண்டு ஊர்களைச் சேர்ந்த இலக்கண அறிஞர்கள், பஸ்ராவின் ஸீபவைஹியும் கூஃபாவின் கிஸாஈயும், மோதினார்கள். ‘தேள் கொட்டுவது குளவி கொட்டுவதைவிடக் கடுமை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இதுவும் அதேதான்’ என்ற வாக்கியத்தின் முடிவு எப்படி இருக்க வேண்டும்? ‘ஃப இதா ஹுவ ஹிய’ என்றார் ஸீபவைஹி (குளவி ஆண்பால், ஹுவ, தேள் பெண்பால், ஹிய). ‘ஃப இதா ஹுவ இய்யாஹா’ என்றும் வரலாம் என்றார் கிஸாஈ. பாலைவன அரபிகளைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவர்கள் கிஸாஈ பக்கம் பேசினார்கள். விலைபோய்விட்டார்கள் என்று பஸ்ரா தரப்பு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. ஸீபவைஹி மனம் நொந்து பாரசீகத்துக்குப் போய் அதிக காலம் உயிரோடு இல்லை என்கிறது அந்தக் கதை. நீங்கள் தேர்வில் எழுதினால் ஹுவ ஹிய என்றே எழுதுங்கள், மதிப்பெண் போகாது.

மரியாதை பற்றியும் உங்களுக்கு ஒரு தயக்கம் இருக்கும். பெரியவரைப் பார்த்து ‘அன்த’ என்று சொல்ல நாக்கு கூசும். கூச வேண்டாம், செந்தர அரபியில் வயதில் பெரியவருக்கும் முதலாளிக்கும் அன்ததான், அதில் அவமரியாதை இல்லை. அவன், அவர் என்ற பிரிவும் இல்லை, இரண்டுக்கும் ஹுவ. மரியாதையை வேறு இடத்தில் காட்டுவார்கள்: எகிப்திலும் சிரியா, லெபனான் பக்கமும் ‘ஹள்ரதக்’, ‘ஹள்ரதிக்’ என்று சொல்வது ‘தாங்கள்’ என்பதற்குச் சமம் (நம் ஊரில் ஆலிம்களை அழைக்கும் ஹஸ்ரத் இதே சொல்தான்). கடிதங்களில் ஒருவரையே பன்மையில் ‘அன்தும்’ என்று எழுதுவதும் உண்டு. ஸலாம் சொல்லும்போது எதிரில் ஒருவரே இருந்தாலும் அலைக்கும் என்று பன்மையில் சொல்வது தெரிந்ததுதானே.

கத்தாருக்கு வருவோம். பேச்சில் கடைசி உயிர்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அன்த அங்கே ‘இன்த’, அன்தி ‘இன்தி’. கிதாபுக என்பது கிதாபக், கிதாபுகி என்பது கிதாபிக் என்று ஆகும். அதாவது ஆணுக்கு ‘அக்’, பெண்ணுக்கு ‘இக்’. எகிப்தியர் நலம் விசாரிக்கும் இஸ்ஸய்யக், இஸ்ஸய்யிக் ஆகட்டும், லெபனான்காரரின் கீஃபக், கீஃபிக் ஆகட்டும், இதே அக், இக்தான். வளைகுடாவில் மட்டும் பெண்பால் வால் ‘இச்’ என்று ஒலிக்கும். கத்தார், குவைத், பஹ்ரைன் ஆட்கள் ஆணிடம் ஷ்லோனக் (எப்படி இருக்கிறாய்) என்பார்கள், பெண்ணிடம் ஷ்லோனிச் என்பார்கள். முதல் தடவை கேட்கும்போது வேறு சொல்லோ என்று தோன்றும். உங்கள் அலுவலகத்தில் எகிப்தியரும் சிரியரும் இருந்தால் ஒரே நாளில் மூன்று விதமும் கேட்பீர்கள். நீங்கள் இக் என்றே சொல்லுங்கள், எல்லாருக்கும் புரியும்.

அப்புறம் வேலைத்தளத்து அரபி. ‘அன மாஃபி மாலூம்’ (எனக்குத் தெரியாது), ‘இன்த ரூஹ்’ (நீ போ), ‘ஸய்யாரா மால் இன்த’ (உன் கார்) என்று வளைகுடா போய் வந்த உறவினர் யாராவது பேசிக் கேட்டிருப்பீர்கள். இதில் வினைக்கு வால் இல்லை, பொருளுக்கும் வால் இல்லை, ‘மால்’ என்ற ஒரு சொல்லை வைத்து உடைமையைச் சொல்லிவிடுகிறார்கள், வினை எல்லாருக்கும் ஒரே வடிவம். அதனால் ஐந்து தனிச்சொற்களும் அங்கே முழுநேர வேலை பார்க்கின்றன. இதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழர், மலையாளி, வங்காளி, நேபாளி, அரபி எல்லாரும் ஒரு கட்டடத்தில் நின்று வேலை பார்க்க உருவான பேச்சு, அதன் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. ஆனால் நீங்கள் படிக்கிற அரபியோடு அதைக் கலக்காதீர்கள். உங்கள் ‘மா இஸ்மு அன்த’ கிட்டத்தட்ட அந்தப் பேச்சின் அமைப்புதான். கடையில் அது ஓடிவிடும், உஸ்தாதிடம் ஓடாது.

பயிற்சிக்கு, ஐந்து சொல்லையும் வரிசையாக ஒப்பிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். தெரிந்த ஒரு வாக்கியத்தை எடுத்து, எதிரில் இருப்பவர் ஆண் என்றும் பெண் என்றும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். மா இஸ்முக, மா இஸ்முகி. ஷுக்ரன் லக, ஷுக்ரன் லகி. பேச்சு வழக்கில் தஆல் (வா), பெண்ணிடம் தஆலீ. ஏவலிலும் பால் உண்டு என்பது இப்படிச் சொல்லும்போதுதான் மனதில் ஏறும். வீட்டில் அக்காவோ தங்கையோ இருந்தால் அவரிடமே சொல்லிப் பாருங்கள், ஏனென்றால் வகுப்பில் எல்லாரும் ஆண்கள் என்றால் ‘கி’ வாயில் வரவே வராது. அது பழகிய பிறகு இருமைக்குப் போகலாம். பயப்பட ஒன்றுமில்லை, ‘நீங்கள் இருவரும்’ என்பதற்கு ஆண் பெண் பிரிவே கிடையாது, இரண்டுக்கும் அன்துமாதான்.